வெளியே போனவரின் தட்டு

மொச்சை உரிக்க உட்கார்ந்துவிட்டால் திலகவதிக்கு ஊர் உலகம் மறந்துபோகும். இன்றைக்கு மனசு எதையும் மறக்க மாட்டேன் என்றது. பயறு முறத்தில் விழுந்தது, தோல் கிண்ணத்தில் விழுந்தது, பொறுக்கி மாற்றிப் போட்டாள், மறுபடியும் அதுவே நடந்தது, சரி கிட என்று விட்டுவிட்டாள். மேசைக்கு எதிர்ப்புறம் அவள் வீட்டுக்காரரின் எவர்சில்வர் தட்டு கவிழ்ந்திருந்தது. அடிப்பக்கத்தில் பாத்திரக்கடைக்காரர் புள்ளி புள்ளியாக வெட்டிக்கொடுத்த பெயர், வைத்திலிங்கம், நடுவில் லி மட்டும் கொஞ்சம் சாய்ந்து, இத்தனை வருஷம் துலக்கியும் படிக்கிற மாதிரிதான் இருந்தது. அவராகத்தான் கவிழ்த்தார். மத்தியானத் தூக்கம் எழுந்து, காப்பி குடித்து, தலை சீவிக்கொண்டு, நேராகப் பாத்திர அடுக்குக்குப் போய்த் தன் தட்டை உருவி எடுத்து, தான் உட்காரும் இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, வாசல் கதவுக்கு முன்னால் போய் நின்றார். கதவின் உச்சியில் போன வாரம் ஆசாரி வந்து பொருத்திய புதுத் தாழ்ப்பாள். அவர் அதை அண்ணாந்து பார்த்தார், கேள்வி கேட்கவில்லை, கோபப்படவில்லை. "வெளிய போயிட்டு வந்துர்றேன்" என்றார். அவ்வளவுதான். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறித் தாழ்ப்பாளைத் திறந்தது அவள் கைதான். தனியாக வெளியே விடக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் மகள் சொன்னதும் அந்த நிமிஷத்தில் எங்கே போயின என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போகிறவனுக்குத் திரும்பி வருவது என்று ஒன்று இருக்கிறது என்பது தெரியும், அது தெரிந்தவனை எப்படிப் பூட்டி வைப்பது, இதுதான் அவளுக்குத் தோன்றியது. அப்போது ஜன்னல் வெயில் தட்டின் மேல் இருந்தது. இப்போது மேசையை விட்டு இறங்கித் தரையில் கிடந்தது.

அந்தத் தட்டுக்கும் அவளுக்கும் நாற்பது வருஷப் பழக்கம். தட்டு என்றால் இந்தத் தட்டு அல்ல, இந்தப் பழக்கம். முதன்முதலில் அதைக் கேட்டது பொன்மலையில், அவர் அம்மா வீட்டுக் கூடத்தில், மடியில் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு. அவர் அப்போது ராணுவத்தில் டீசல் மெக்கானிக். தென்துருவ நிலையத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு விடுமுறையில் வந்திருந்தார். இவள் அவரைப் பேட்டி எடுக்கச் சென்னையிலிருந்து போன சமூகவியல் ஆராய்ச்சி மாணவி. அந்த நிலையத்தில் இருபத்துச் சொச்சம் பேர், சூரியனே தலைகாட்டாத மாதங்கள், வெளியே போனால் சில நாள் நீட்டிய கை தெரியாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள், யார் ஆரம்பித்தது என்று அவருக்கும் தெரியாது. தட்டின் அடியில் அவரவர் பெயரைப் பெயின்ட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். வெளியே போகிறவர் தன் தட்டைத் தன் கையால் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் தன் கையால் நிமிர்த்த வேண்டும். "வேற யாரும் தொடக்கூடாதுங்க மேடம். அவசரத்துக்கு, சுத்தம் பண்றதுக்கு, எதுக்கும் தொடக்கூடாது. தட்டு கவுந்திருக்கிற வரைக்கும் கதவைத் தாழ் போட மாட்டோம், லைட்டை அணைக்க மாட்டோம்." ஒரு நாள் பனிப்புயல். ஜெனரேட்டர் கொட்டகைக்குக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு போன இவர் திரும்ப முடியாமல் அங்கேயே கிடந்து, புயல் தணிந்து, அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து உள்ளே நுழைந்தபோது எல்லாரும் மேசையில் உட்கார்ந்திருந்தார்களாம். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லையாம். இவர் போய்த் தட்டை நிமிர்த்தினாராம். சமையல்காரர் வந்து பருப்பை ஊற்றினாராம். அந்த இடத்தில் வைத்திலிங்கம் பேச்சை நிறுத்திவிட்டார். ஒலிநாடா ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் தெருவில் சைக்கிள் மணி, அவர் அம்மா உள்ளே எதையோ தாளிக்கிற சத்தம். மௌனத்தையும் எழுத வேண்டும் என்பது திலகவதி தானே வகுத்துக்கொண்ட முறை, பேச்சு நின்றால் நின்ற அளவுக்குப் புள்ளி வைப்பாள். விடுதி அறையில் அந்த இடத்துக்குப் புள்ளி வைக்க உட்கார்ந்தவள் நாடாவைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டாள். புள்ளி வைப்பதற்கு அத்தனை தடவை கேட்க வேண்டியதில்லை என்று பக்கத்துக் கட்டில்காரிக்கே தெரிந்துவிட்டது. இவளுக்குத்தான் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது.

ஒரு காய்க்குள் புழு. சுண்டிப் போட்டாள். நகக்கண்ணில் பச்சை வாசனை ஏறியிருந்தது. தை மாதத்து மொச்சைக்கு மட்டும் இருக்கிற வாசனை, அவருக்குப் பிடித்த வாசனை, பனியில் இருந்தபோது எது இல்லாமல் தவித்தீர்கள் என்று கேள்வித்தாளில் ஒரு கேள்வி வைத்திருந்தாள். எல்லாரும் மனைவி, குழந்தை, அம்மா என்று சொல்ல, இந்த மனுஷர் மட்டும் யோசித்து யோசித்து "பச்சையா ஏதாவது வாசனைங்க மேடம்" என்று சொல்லியிருந்தார். கேள்வித்தாளைப் பார்த்துத் துறைத்தலைவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "பனியைப் படிக்கப் பௌதிகக்காரன் இருக்கான், பென்குயினைப் படிக்க விலங்கியல்காரன் இருக்கான். மனுஷனே இல்லாத இடத்துல சமூகவியலுக்கு என்னம்மா வேலை? போகாத ஊருக்கு வழி கேக்கறே நீ." மனுஷன் இல்லாத இடத்துக்குத்தானே சார் மனுஷன் போய் உட்கார்ந்திருக்கான், அவன் அங்க யார் பக்கத்துல உட்கார்றான், யாரோட பேச மாட்டேங்கறான், கரண்டிக்கு ஏன் சண்டை போடறான், இதையெல்லாம் யார் படிக்கிறது என்று கேட்டாள். கேட்டதென்னவோ கேட்டாள், ஊர் மட்டும் போகாத ஊராகவே போயிற்று. விண்ணப்பம் போட்டாள், கப்பலில் பெண்களுக்குத் தனி அறை இல்லை என்று ஒரு தடவை, இந்த வருஷம் அறிவியல் ஆட்களுக்கே இடம் போதவில்லை என்று ஒரு தடவை, பதிலே இல்லாமல் ஒரு தடவை. அப்புறம் விட்டுவிட்டாள். போய் வந்தவர்களைத் தேடித் தேடிப் போய்ப் பேச வைத்தாள். கோவாத் துறைமுகத்தில், மீரட்டில், ஒரு தடவை கோயம்புத்தூரில் மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தவரை மணவறைக்குப் போகவிடாமல் பிடித்து வைத்து. தென்துருவத்தின் சமூக வாழ்க்கையைப் பற்றி அவள் எழுதியதெல்லாம் வாய் வழி வந்த பனி. அதில் பெரும்பங்கு ஒரே வாய். அந்த வாயைக் கல்யாணமும் பண்ணிக்கொண்டாள். தகவலாளியைக் கட்டிக்கிட்டா ஆராய்ச்சி கெட்டுப்போகும் என்று துறைத்தலைவர் பந்தியில் உட்கார்ந்து சொன்னார், சொல்லிவிட்டு இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக்கொண்டார். பாவம், போய்ச் சேர்ந்துவிட்டார்.

போய்ச் சேர்ந்துவிட்டார் என்று ஏன் நினைத்தோம். நினைக்கிற வேளையா இது. திலகவதி எழுந்து ஜன்னலுக்குப் போனாள். தெருவில் இஸ்திரி வண்டி, பள்ளிக்கூடம் விட்டுப் போகிற சீருடைகள், எதிர்வீட்டு நாய். அவர் போட்டுக்கொண்டு போன நீலச் சட்டை இல்லை. போன வாரம் போனது இதே வேளைக்குத்தான், முனைக்கடையில் தீப்பெட்டி வாங்கப் போனவர் இருட்டி வெகுநேரம் ஆகியும் வரவில்லை. கடைசியில் ரயில்வே கேட் பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தவரைக் கேட்காரர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். கேட் மூடியிருந்ததா திறந்திருந்ததா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. தண்டவாளம் என்ற சொல் வந்ததும் மனசு அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயிற்று, போய்ப் பார்த்தால் மறுபடி அங்கேதான் நின்றது. போன் அடித்தது. மகள் இளவேனில், பெங்களூரிலிருந்து.

"அம்மா, அப்பா என்ன பண்றார்?"

"தூங்கறார்."

"இந்நேரத்துக்கா? ராத்திரி தூக்கம் வராதேம்மா. தாழ்ப்பாள் போட்டிருக்கியா?"

"போடாம என்ன."

"நான் சொல்றேன்னு கோச்சுக்காத. இன்னொரு தரம் அப்படி ஆச்சுன்னா இங்க ஒரு இடம் பாத்து வெச்சிருக்கேன், நல்ல இடம், நர்ஸ் இருக்காங்க, கேட் இருக்கு. நீயும் என்கூட வந்துரு. உன்னால தனியா முடியாது."

"மொச்சை உரிச்சுட்டு இருக்கேன் இளா. அப்புறம் பேசறேன்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் சொல்லும் பொய் இப்படித்தான் மளமளவென்று வரும். போனை வைத்துவிட்டு மறுபடி முறத்தின் முன்னால் உட்கார்ந்தாள். பெண் சொல்வதில் என்ன தப்பு. அவளும் இந்த வீட்டில் தட்டைக் கவிழ்த்து வளர்ந்தவள்தானே. ராணுவத்திலிருந்து வந்து ரயில்வே பணிமனையில் சேர்ந்த புதிதில் இவர் ஒவ்வொரு ஷிப்டுக்கும் கவிழ்த்துவிட்டுத்தான் போவார். திலகவதி கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போகும்போது அவளும் கவிழ்ப்பாள், ஆளுக்கொரு தட்டில் பெயர் வெட்டி வாங்கியதே அதற்குத்தான். "வீட்ல தட்டைக் கவுத்து வெச்சா விளங்குமாடி, சோத்துக்கு வழி இல்லாதவ வீடு மாதிரி" என்று அவள் அம்மா வந்தபோதெல்லாம் நிமிர்த்தி வைப்பாள். அப்புறம் இவர் வந்து முகம் வாடி நிற்பார். இளவேனில் எல்.கே.ஜி. போகும்போது அவள் குட்டித் தட்டையும் கவிழ்த்துவிட்டுத்தான் போவாள், வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து நிமிர்த்திவிட்டு "நான் வந்துட்டேன்" என்று யாரும் கேட்காமலே அறிவிப்பாள். மூன்று தட்டும் நிமிர்ந்திருக்கிற சாயங்காலம் என்று ஒன்று இருந்தது. மூன்று தட்டும் நிமிர்ந்திருந்தால் மழை பெய்தாலும் சரி, கரண்ட் போனாலும் சரி. அந்தச் சாயங்காலங்களில் ஒன்றையாவது பதிவு பண்ணி வைத்தோமா. ஊரான் வீட்டு மௌனத்துக்கெல்லாம் புள்ளி வைத்தவள் தன் வீட்டுச் சத்தத்தை எடுத்து வைக்கவில்லை. எப்போது நின்றது அந்தப் பழக்கம்? பெண் ஹாஸ்டலுக்குப் போன வருஷமா, மேசையை மாற்றிய வருஷமா? நின்றது தெரியாமல் நின்றிருக்கிறது, இன்றைக்குத்தான் மறுபடி ஒரு தட்டு கவிழ்ந்தது. ஒருமுறை, ஒரே ஒருமுறை, நார்வேயில் ஒரு கருத்தரங்குக்குக் கூப்பிட்டிருந்தார்கள், அங்கேதான் அவள் வாழ்க்கையில் முதல் தடவை பனியில் கால் வைத்தாள். வைத்ததும் வீட்டுக்குத்தான் போன் போட்டாள். "மிதிச்சியா? சத்தம் வருதா? மரவள்ளிமாவு மூட்டையை மிதிச்ச மாதிரி கிறுக்கு கிறுக்குன்னு வரணும், வந்தாத்தான் நல்ல குளிர்" என்றார் அவர். அவள் போனைக் கீழே பிடித்துக்கொண்டு மிதித்துக் காட்டினாள். பக்கத்தில் போன வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டு வேகமாக நடையைக் கட்டினார். வீட்டிலிருந்து இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார், உன் தட்டு இங்க கவுந்துதான் இருக்கு, சீக்கிரம் வா.

அந்தக் கருத்தரங்கில் அவள் படித்தது குளிர்காலப் பார்வையைப் பற்றி. இருட்டு மாதங்கள் நீள நீள, பேசிக்கொண்டே இருக்கிறவன் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவான், கண் எதிரே உள்ளவனைத் தாண்டி எங்கோ போய்விடும். கூட இருப்பவர்கள் கூப்பிட மாட்டார்கள், முகத்துக்கு முன்னால் கையை ஆட்ட மாட்டார்கள். அவன் விட்ட இடத்தை அப்படியே வைத்திருப்பார்கள், அவனும் வந்து அதே வார்த்தையிலிருந்து தொடர்வான். இது நோய் அல்ல, ஒரு சிறு சமூகம் தன் ஆளுக்குக் கொடுக்கிற விடுப்பு என்று எழுதியிருந்தாள். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு இப்போது ஒரு விலை இருந்தது. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் வைத்திலிங்கம் சோற்றைப் பிசைந்துகொண்டே பாதிப் பேச்சில் நின்றபோது அவளுக்குப் பயமா வந்தது? சந்தோஷம் வந்தது. தாளில் மட்டுமே பார்த்த ஒன்று தன் வீட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்த சந்தோஷம். கூப்பிடக் கூடாது என்று அவளே எழுதிய விதி, ஆகையால் கூப்பிடவில்லை. விட்ட இடத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முதலில் அதே வார்த்தைக்குத் திரும்பி வந்தார். பிறகு பக்கத்து வார்த்தைக்கு. பிறகு வேறெங்கோ. உலகத்தில் வேறெந்தப் பெண்டாட்டியாக இருந்தாலும் முதல் மாதமே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பாள். இவள் படித்தவள், அதிலும் அதையே படித்தவள், தென்துருவம் இன்னும் இவரை விடவில்லை என்று பெருமையாக எண்ணிக்கொண்டிருந்தாள். "எப்பலேர்ந்தும்மா இப்படி?" என்று டாக்டர் கேட்டபோது இவர் முதலில் பாதிப் பேச்சில் நின்ற வருஷத்தைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. முன்னாலேயே வந்திருந்தாலும் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது என்று அவர் ஆறுதலுக்குச் சொன்னார். பெரிதாக வேண்டாம், சிறிதாக என்று ஒன்று இருக்குமே.

வெயில் தரையிலிருந்தும் போய்விட்டது. போய்த் தேடலாமா. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். எந்தப் பக்கம் போவது. கேட் பக்கம் போனால் அவர் மார்க்கெட் பக்கமாக வந்து கதவைத் தட்டுவார். மார்க்கெட் பக்கம் போனால், போனால் என்ன, கேட் இருக்கிற இடத்தில் கேட் இருக்கும். புயலில் மாட்டியவனைத் தேடிக்கொண்டு ஒற்றை ஆளாகப் போகக்கூடாது, உள்ளே இருக்கிறவன் உள்ளேயே இருந்து வெளிச்சம் காட்டணும், இரண்டாவது ஆளும் தொலைஞ்சா லைட்டைப் பாத்துக்க யார் இருக்கா. அதுவும் அவர் சொன்னதுதான். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொன்னதுதான். இப்போது அவர் மறக்க மறக்க அந்தக் கண்டமே ஓரத்திலிருந்து கரைகிறது, கொட்டகை போயிற்று, கயிறு போயிற்று, சமையல்காரர் பெயர் போயிற்று, மிச்சம் இருப்பது இவள் தலைக்குள் மட்டும். இவள் பார்த்ததேயில்லை. ஒலிநாடாக்கள் பீரோவில் இருக்கின்றன. அதில் அவர் இளங்குரல் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லும். குரல் இருந்து என்ன செய்ய, ஆள் வேண்டும். ஆள் வந்தால் போதும். எதையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டாம், நீலச் சட்டையோடு அந்த வாசலில் வந்து நின்றால் போதும். அதற்குப் பிறகு தாழ்ப்பாளைக் கழற்றிவிடுவேன், இளாவிடம் நானே சொல்லிக்கொள்வேன், உங்க அப்பாவுக்கு வழி தெரியும், தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போனார், வந்து நிமிர்த்தினார், பூட்டுகிற வீட்டுக்கு அவரை அனுப்ப முடியாது என்று. வராவிட்டால்? தட்டைப் பார்த்தாள். கையை நீட்டினாள், நிமிர்த்துவதற்கில்லை, ஈ ஒன்று உட்கார்ந்திருந்தது, அதை ஓட்டத்தான். பாதியில் கையை இழுத்துக்கொண்டாள். வேறு யாரும் தொடக்கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்து, கதவை அகலத் திறந்து வைத்தபடி, மிச்சக் காய்களை உரித்தாள். தெருவிளக்கு எரிந்தது. மொச்சையைக் குக்கரில் வைத்தாள். மூன்றாவது விசிலோ நாலாவதோ, அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம்.

நீலச் சட்டை. நெற்றியில் திருநீறு, அப்படியானால் பிள்ளையார் கோவில் வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறார். கையில் ஒரு தீப்பெட்டி. போன வாரம் வாங்கப் போன தீப்பெட்டி. திலகவதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன, இரண்டையும் விழுங்கிக்கொண்டாள். கேட்காதே, கூப்பிடாதே, ஓடிப்போய்க் கையைப் பிடிக்காதே. அவர் நேராக மேசைக்கு வந்தார். தன் நாற்காலியை இழுத்தார். தட்டின் மேல் குனிந்தார். அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை தட்டின் விளிம்பு வரை போயிற்று, அங்கே நின்றது. விரல் அந்தப் புள்ளி எழுத்துக்களின் மேல் மெதுவாக ஊர்ந்தது, சாய்ந்த லி வரை, அதற்கு அப்பாலும். பிறகு கையை எடுத்துவிட்டு, யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்த மாதிரி ஒதுங்கிப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யாரோ இன்னும் உள்ள வரலைங்க மேடம்" என்றார்.

அது பொன்மலைக் கூடத்து மேடம். கேலிக்குக் கூப்பிடுகிற மேடம் அல்ல.

"யாருங்க?"

"வைத்திலிங்கம்னு போட்டிருக்கு." தட்டைத் தொடாமல் காட்டினார். "நம்ம ஜெனரேட்டர் பாக்கறவரு. நல்ல மனுசன். கதவைத் தாழ் போட்றாதீங்க. லைட்டும் இருக்கட்டும்."

"தாழ் போடலைங்க."

அவர் வாசலைப் பார்த்தார். கண் வாசலைத் தாண்டிப் போயிற்று, தெருவிளக்கைத் தாண்டியும் போயிற்று. அவள் கூப்பிடவில்லை. எழுந்து அடுப்பை அணைத்தாள். அடுக்கிலிருந்து பெயர் வெட்டாத விருந்தாளித் தட்டு ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்துச் சோறு போட்டு, நேற்றைய மொச்சைக் குழம்பைச் சுடவைத்து ஊற்றினாள். அவர் கையை நனைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினார்.

"அவருக்கு எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"வெச்சிருக்கேங்க" என்றாள். "நீங்க சாப்பிடுங்க. அவர் வர்ற வரைக்கும் நான் முழிச்சிருக்கேன்."

அவருக்கு அது போதுமாக இருந்தது. குனிந்து குழம்பை முகர்ந்துவிட்டுப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.